பாணந்துறைப் பேச்சும் பொஸ்டன் புத்தகமும்

புத்தகத்தின் முகப்புப் பக்கத்திலேயே பிழை இருக்கிறது. 'பௌத்தமும் கிறிஸ்தவமும் நேருக்கு நேர்' என்பது தலைப்பு. இலங்கையின் பாணந்துறையில் மிகெட்டுவத்தே என்ற பௌத்த பிக்குவுக்கும் டி. சில்வா என்ற ஆங்கிலேயப் பாதிரியாருக்கும் நடந்த வாய்வாதம் என்று அதன் கீழே விளக்கம். வெளியிட்டவர்கள் பொஸ்டன் நகரின் கொல்பி அன் ரிச், ஆண்டு 1878. டி சில்வா என்ற பெயரைக் கேட்டு இங்கிலாந்தை நினைக்கக் கொழும்பில் ஆள் கிடைக்காது. டேவிட் டி சில்வா சிங்களவர், வெஸ்லியன் சபைப் பாதிரியார், பாளியை முறையாகக் கற்றவர். வாதம் நடந்ததும் சிங்களத்தில்தான். கப்பல் ஏறிய இடத்துக்கும் இறங்கிய இடத்துக்கும் நடுவில் எங்கேயோ அவர் வெள்ளைக்காரராகிவிட்டார்.

இதை நான் பெரிதாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. பாணந்துறையில் 1873 ஆகஸ்டில் நடந்தது வேதங்களை நம்பலாமா என்ற வழக்கு. யார் கண்டார், யார் சொன்னார், எத்தனை காலம் கழித்து யார் எழுதினார், எழுதியவர் கையில் என்ன மாறிற்று என்பவைதான் அங்கே அடிபட்ட கேள்விகளில் பாதி. அந்த வழக்கின் பதிவே பிறகு பேச்சிலிருந்து எழுத்தாகி, மொழி மாறி, கடல் தாண்டி, முன்னுரையும் குறிப்பும் ஒட்டிக்கொண்டு, பாணந்துறையைக் கண்டிராத ஆட்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சுவிசேஷங்களும் திரிபிடகமும் வந்த வழியில் நாம் கூடப் போகமுடியாது. இந்தப் புத்தகத்தோடு போகலாம். முழுப் பயணமும் ஐந்து வருடத்துக்குள் முடிந்திருக்கிறது.

என்னிடம் இருப்பது போட்டோக் கொப்பி. சுருள்கம்பி போட்டது, சில பக்கங்களில் ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டது. நான் இருக்கும் கிருலப்பனையிலிருந்து இந்தக் கதையின் எந்த இடமும் தூரமில்லை. கிழக்கே கோட்டே. ஹைலெவல் வீதியில் 138ஐப் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்கினால் அங்கிருந்து கொட்டாஞ்சேனை. பாமன்கடை தாண்டி வெள்ளவத்தைக்குப் போய் நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறினால் அது பாணந்துறையில்தான் போய் நிற்கும்.

கோட்டேயிலிருந்து தொடங்கவேண்டும். 1820களில் சர்ச் மிஷனரிச் சங்கம் அங்கே ஓர் அச்சியந்திரத்தை நிறுவி, கிறிஸ்தவத் துண்டுப்பிரசுரங்களை அச்சடித்துத் தள்ளியது. கொழும்பில் வெஸ்லியன் மிஷனுக்குத் தனி அச்சகம். அதை நடத்த 1818இல் வந்தவர்தான் டேனியல் ஜோன் கோகர்லி. வந்தவர் அச்சோடு நிற்கவில்லை. தெற்கே மாத்தறைப் பக்கம் ஊழியம் செய்தபோது பாளியைப் படித்தார், பௌத்த நூல்களை மூலத்தில் வாசித்தார், 1849இல் 'கிறிஸ்தியானி பிரக்ஞப்தி' என்ற சிங்கள நூலை வெளியிட்டார். பௌத்தம் உண்மையான மதமல்ல என்பதற்கு ஆதாரம், கிறிஸ்தவம் உண்மை என்பதற்கு ஆதாரம். நூலின் கட்டு அவ்வளவுதான். அதுவரை பிக்குகளுக்கு மிஷனரிகள் ஒரு வேடிக்கை. பிரசங்கம் செய்ய விகாரை மண்டபத்தைக்கூடக் கொடுத்திருக்கிறார்கள். கோகர்லியின் நூல் வந்தபிறகுதான், இவர் நம் ஏட்டைப் படித்துவிட்டு நம்மையே கேட்கிறார் என்ற உறைப்பு ஏற்பட்டது.

பதில் 1862இல் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தது. தீபதுத்தாராமய விகாரையிலிருந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர் பௌத்தத்தைப் பரப்ப ஒரு சங்கம் அமைத்தார், கோகர்லிக்கு மறுப்பாக 'துர்லப்தி விநோதனி'யை எழுதினார். அச்சடிக்க யந்திரம் வேண்டுமே. கோட்டேயில் கிறிஸ்தவப் பிரசுரம் அடித்த அதே பழைய யந்திரம் கைமாறி கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்திருந்தது. யாழ்ப்பாணத்து வாசகருக்கு இது தெரிந்த கதைபோல இருக்கும். பீட்டர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர், 1849இல் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி வண்ணார்பண்ணைக்குக் கொண்டுவந்து, 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்டார். ஆனால் நாவலரின் வாதம் வேறு வகை. எங்கள் கோயிலில் விளக்கும் தூபமும் அபிஷேகமும் இருப்பதைப் பழிக்கிறீர்கள், உங்கள் பழைய ஏற்பாட்டு ஆலயத்தில் இருந்தவை என்ன என்று கேட்டார். விவிலியத்தை இடிப்பது அவருக்குத் தேவைப்படவில்லை. அதையே தன் பக்கத்துச் சாட்சியாக ஏற்றினார். குணானந்தர் அதே புத்தகத்தைக் குறுக்கு விசாரணைக்கு இழுத்தார்.

1860களில் பத்தேகம, வாராகொட, உதன்விட்ட என்று வாதங்கள் தொடர்ந்தன, 1871இல் கம்பளை. அவற்றில் சில எழுத்து மூலம் நடந்தவை. 1873 ஜூனில் டி சில்வா பாணந்துறை வெஸ்லியன் கோயிலில் ஆன்மா பற்றிப் பிரசங்கம் செய்தார். மனிதனுக்கு நிலையான ஆன்மா இல்லையென்று புத்தர் சொன்னால் பாவ புண்ணியத்தின் பலனை அனுபவிப்பது யார் என்று கேட்டார். சில நாளில் குணானந்தர் வந்து மறுத்தார். ஜூலை 24இல் இரு தரப்பும் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டன. ஆகஸ்ட் 26, 28, செவ்வாயும் வியாழனும். காலை எட்டிலிருந்து பத்து, பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்து. ஆளுக்கு ஒரு மணித்தியாலம்.

ரன்கொத் விகாரைக்குப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு கொட்டகை போட்டார்கள். நடுவால் பிரித்து, ஒரு பாதி கிறிஸ்தவர்களுக்கு, மறுபாதி பௌத்தர்களுக்கு. கிறிஸ்தவர் பக்கத்து மேசையில் வெள்ளைத் துணியும் பச்சிலை அலங்காரமும்; பௌத்தர் பக்கத்தில் பகட்டு கூட. ஆயிரக்கணக்கில் சனம், இரண்டாம் நாள் இன்னும் அதிகம். அடிதடி நடக்கும் என்று எதிர்பார்த்த அதிகாரிகளுக்கு வேலை இருக்கவில்லை.

டி சில்வா பாளியில் மேற்கோள் மேல் மேற்கோளாகச் சொன்னார். வந்திருந்த தோட்டக்காரரும் கடைக்காரரும் மீனவரும் பாளிப் பண்டிதர்கள் என்று நினைத்துவிட்டார் போல என்ற தொனியில் பத்திரிகை நிருபரே எழுதியிருக்கிறார். குணானந்தர் சனத்தின் சிங்களத்தில் பேசினார். வாதத்தின் வெற்றி பாதி அங்கேயே தீர்ந்துவிட்டது என்பது என் எண்ணம். டி சில்வாவின் கேள்வி சாதாரணமானதல்ல. ஐந்து கந்தங்கள் கலைந்துபோனால் மறுபிறப்பில் தண்டனை பெறுவது எவன் என்பது 'மிலிந்த பஞ்ஹா' காலத்திலிருந்து பௌத்தர்களே தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி. அதைக் கொட்டகையில் விளங்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

குணானந்தர் எடுத்தவை எல்லாருக்கும் விளங்கக்கூடியவை. மனிதனைப் படைத்ததற்காக மனஸ்தாபப்பட்ட கடவுள் எப்படி எல்லாம் அறிந்தவர்? எகிப்தில் தன் சனத்தின் வீடு எது என்று அடையாளம் காண நிலைக்கால்களில் இரத்தம் பூசச் சொன்னவர் எப்படி எங்கும் நிறைந்தவர்? மோசேயை வழியில் மறித்துக் கொல்ல வந்த கர்த்தர், சிப்போராள் மகனுக்கு விருத்தசேதனம் செய்ததும் விட்டுப்போனார். இது நம்மூர்ப் பேய்க்குக் காவு கொடுப்பது போலல்லவா? நியாயாதிபதிகள் முதலாம் அதிகாரத்தில் பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கு இரும்பு ரதங்கள் இருந்தபடியால் துரத்த முடியவில்லையாமே. இரும்புக்குப் பயந்த கடவுளா? இந்தக் கடைசிக் கேள்வியில் அவர் கொஞ்சம் விளையாடியிருக்கிறார். கர்த்தர் யூதாவோடு இருந்தார், துரத்தமுடியாமல் போனவன் யூதா என்றுதான் வசனம் போகிறது. ஆனால் கர்த்தர் கூடவே இருந்தும் ஏன் முடியவில்லை என்று திருப்பிக் கேட்டால், அதற்கும் வசனத்தில் பதில் இல்லை.

குணானந்தரின் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லவேண்டும். பூமியின் சுற்றளவு இவ்வளவு என்று அளந்தாகிவிட்டது, எண்பத்து நாலாயிரம் யோசனை உயரமான மகாமேரு எங்கே நிற்கிறது என்று மறுதரப்பு கேட்டது. குணானந்தர் மொரிசன் என்ற ஆங்கிலேயரின் 'நியூ பிரின்சிப்பியா'வை எடுத்துக் காட்டினார். நியூட்டன் பிழை, பூமி சுழலவில்லை என்று ஆங்கிலேயரே எழுதியிருக்கிறார்களே என்றார். அந்த மொரிசன், 'சட்கியேல்' என்ற பெயரில் லண்டனில் வருடா வருடம் பஞ்சாங்கம் போட்ட சோதிடர். மாலுமிகளின் திசைகாட்டி முள் எப்போதும் வடக்கையே பார்ப்பது ஏன், வடக்கே மேரு இருப்பதால்தான் என்றும் சொன்னார். கொட்டகை ஆரவாரித்திருக்கும். ஆதாரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை.

பிறகு உயிர்த்தெழுதல். குணானந்தர் அதைச் சாட்சிச் சட்டம்போலவே எடுத்தார். முதலில் கண்டது யார்? மகதலேனா மரியாள். ஏழு பிசாசுகள் பிடித்திருந்தவள். புத்தி பேதலித்த ஒருத்தியின் வார்த்தைக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவரல்ல. செல்சஸ் என்ற கிரேக்கர் 2ஆம் நூற்றாண்டிலேயே, அரைப் பைத்தியமான ஒரு பெண்ணும் அவளைப் போன்ற ஒருசிலரும் கண்டதாகச் சொன்ன கதை என்று ஏளனம் செய்திருக்கிறார். குணானந்தர் செல்சஸைப் படித்திருக்க வழியில்லை. ஐரோப்பியச் சுதந்திரச் சிந்தனையாளர்களின் நூல்கள் அவருக்கு எட்டியிருந்தன. அவற்றின் வழியே வந்ததோ, தானாகத் தோன்றியதோ. அந்தக் காலத்தில் இந்தக் கேள்விகள் எல்லாத் திசையிலும் கப்பலேறிக்கொண்டிருந்தன. நாட்டாலில் கொலென்சோ என்ற ஆங்கிலிக்கன் பேராயர் விவிலியத்தை சூலு மொழியாக்கும்போது, உதவிக்கு இருந்த வில்லியம் இங்கிடி நோவாவின் பேழைக்கதை உண்மையா என்று கேட்டுவிட்டார். பேராயரால் ஆமென்று சொல்ல முடியவில்லை. 1862இல் அவர் ஐந்தாகமங்களை ஆராய்ந்து எழுதத் தொடங்கிய நூல் இங்கிலாந்தையே கலக்கியது. 1880களில் சென்னையின் 'தத்துவ விவேசினி' தமிழில் இதே சரக்கை வாராவாரம் கொடுத்தது.

இனிப் புத்தகம். வாதத்தின் அறிக்கையை வெளியிட்டது கொழும்பின் 'சிலோன் டைம்ஸ்'. ஜோன் கேப்பர் என்ற ஆங்கிலேயரின் பத்திரிகை அது. எட்வர்ட் பெரேரா என்பவர் சிங்களப் பேச்சுகளை ஆங்கிலமாக்கினார். பத்திரிகையில் வந்ததை அதே 1873இல் தனிநூலாகப் போட்டபோது முகப்பில் ஒரு வரி சேர்த்தார்கள்: பேச்சாளர்களே திருத்தியும் விரித்தும் தந்த உரைகள் இவை என்று.

அந்த வரியில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். திருத்தியும் விரித்தும். அப்படியானால் கொட்டகையில் கேட்டது இதுவல்ல. மணித்தியாலம் முடிந்து இருந்துவிட்ட பிறகு, அடடா இதைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதெல்லாம் உள்ளே வந்திருக்கும். எதிராளியின் பேச்சைப் படித்துவிட்டுத் தன் பழைய பதிலைக் கூராக்கியிருக்கலாம். வாதம் முடிந்து சில மாதங்களுக்குள், இருவரும் உயிரோடு இருக்கும்போதே, கேட்ட ஆயிரக்கணக்கானவர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கும்போதே, பேச்சு அசைந்துவிட்டது. திரிபிடகம் புத்தர் மறைந்து பல நூற்றாண்டு கழித்தல்லவா அலுவிகாரையில் ஏட்டில் ஏறியது, அதை எப்படி நம்புவது என்பது மிஷனரிகளின் வழக்கமான வாதம். மாற்கு எழுதிய சுவிசேஷமே இயேசு சிலுவையில் மரித்து ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து, கிரேக்கத்தில் எழுதப்பட்டது என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கணிப்பு. இயேசு பேசியது அரமேயம்.

ஆனாலும் 1873ஆம் வருடத்து அறிக்கையை நான் பெரும்பாலும் நம்புகிறேன். காரணம் எளியது: பென்சில் இரண்டு எதிராளிகளின் கையிலும் இருந்தது. டி சில்வா தன் பேச்சில் எதைச் சேர்த்தாலும் குணானந்தரின் கண் அதன்மேல் இருந்தது. குணானந்தர் சொல்லாததைச் சொன்னதாக எழுதினால் வெஸ்லியன் சபை சும்மா விட்டிருக்காது. அச்சடித்தவர் ஒரு ஆங்கிலேயர். அவருடைய பத்திரிகையில் விவிலியத்தைக் கிழித்த பிக்குவின் பேச்சு முழுசாக வந்திருக்கிறது. பிழை நுழைந்த இடம் எது என்று பாருங்கள். எதிராளி எவனும் இல்லாத பொஸ்டனில், முகப்புப் பக்கத்தில்.

அங்கே அதைக் கொண்டுபோனவர் ஜேம்ஸ் மார்ட்டின் பீபிள்ஸ். அமெரிக்கர், மருத்துவர் என்று சொல்லிக்கொண்டவர், ஆவியுலகத்தோடு பேசலாம் என்று நம்பிய கூட்டத்தின் நட்சத்திரப் பேச்சாளர். நூறு வயதை எட்டச் சில வாரமே இருக்கும்போது 1922இல் இறந்தார். உலகப் பயணத்தில் இலங்கைக்கு வந்தவரின் கையில் 'சிலோன் டைம்ஸ்' அறிக்கை கிடைத்தது. ஊருக்குப் போய் நீண்ட முன்னுரை எழுதி, குறிப்புகள் போட்டு, ஆவியுலக வார இதழான 'பேனர் ஒஃப் லைட்'டை நடத்திய கொல்பி அன் ரிச்சிடமே பதிப்பிக்கக் கொடுத்தார். அவருக்கு வேண்டியது பௌத்தமல்ல, மிஷனரிகளைக் குட்ட ஒரு தடி. எதிரே நின்றவர் சிங்களப் பாதிரியார் என்பதைவிட ஆங்கிலேயப் பாதிரியார் என்பது அந்தத் தடிக்குப் பொருத்தம். வேண்டுமென்றே மாற்றினார் என்று சொல்லமாட்டேன். இலங்கையருக்கு எதிராக வாதாடியவர் என்றால் வெள்ளைக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்று அவரது வாசகர்களுக்குத் தோன்றும். கதைகள் இப்படித்தான் திருந்துகின்றன. யாரும் பொய் சொல்வதில்லை, கேட்பவருக்கு எது இயல்பாகப் படுமோ அந்தப் பக்கம் அவை சாய்ந்துகொள்கின்றன.

திரும்பி வந்த பயணம் இலங்கையில் எல்லாருக்கும் தெரியும், ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயோர்க்கில் பிரம்மஞான சபையை நிறுவிய கேணல் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட்டின் கவனத்துக்குப் பாணந்துறை வாதம் வந்தது. அவர் குணானந்தருக்குக் கடிதம் எழுதினார், 1880 மே 17இல் பிளவாட்ஸ்கி அம்மையாரோடு காலியில் இறங்கினார், 25ஆம் தேதி அங்கேயே பஞ்சசீலம் எடுத்தார். 1881இல் 'பௌத்த வினாவிடை' எழுதினார். வடிவம் கிறிஸ்தவ ஞானோபதேசத்திலிருந்து எடுத்தது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. தீபதுத்தாராமயவுக்குப் போன பௌத்த ஊர்வலம் புனித லூசியாள் பேராலயத்தின் பக்கத்தில் தாக்கப்பட்டது. ஓர் ஆள் செத்தார், பலர் காயப்பட்டார்கள். சாட்சியம் போதாது என்று வழக்கு நிற்கவில்லை. ஒல்கொட் 1884இல் லண்டனுக்கே போய் முறையிட்டார். அடுத்த வருடம் வெசாக் அரசு விடுமுறையானது. 1885 ஏப்ரல் 28இல் புதிய பௌத்தக் கொடியைத் தீபதுத்தாராமயவில் ஏற்றியவர் குணானந்தர். ஐந்து வருடம் கழித்து இறந்தபோது ஒல்கொட்டோடு அவருக்குப் பேச்சுச் சரியில்லை.

வெசாக் விடுமுறைக்காகச் சட்டசபையில் வாதாடியவர் ஒரு தமிழர், பொன்னம்பலம் இராமநாதன். அவருடைய தகப்பனார் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயில் குணானந்தரின் விகாரையிலிருந்து நடக்கிற தூரம். இராமநாதன் சட்டத்தரணி, 1892இலிருந்து சொலிசிட்டர் ஜெனரல். சாட்சி விசாரணையே தொழிலான அந்த மனிதர், விவிலியத்தை எடுத்தபோது மட்டும் கோர்ட் உடுப்பைக் கழற்றிவிட்டார். ஸ்ரீ பரானந்தா என்ற பெயரில் 1898இல் மத்தேயு சுவிசேஷத்துக்கும் 1902இல் யோவான் சுவிசேஷத்துக்கும் விளக்கம் எழுதி லண்டனில் வெளியிட்டார். நடந்ததா இல்லையா என்பது அவர் கேள்வியல்ல. இறையனுபவம் உடையவன் படித்தால் கிறிஸ்துவின் சொல் அப்படியே விளங்கும், மிஷனரிக்கு அந்த அனுபவம் இல்லாததால் விளங்கவில்லை என்பது அவர் கட்சி. அழகான கட்சிதான். ஆனால் அதை எந்த எதிராளியும் சோதிக்க முடியாது. அனுபவம் இல்லை என்று சொல்லி அவனை வெளியே நிறுத்திவிடலாம். குணானந்தரும் டி சில்வாவும் ஒருவரையொருவர் வெளியே நிறுத்தவில்லை. ஒரே கொட்டகைக்குள் நின்றார்கள். என் மரியாதை அவர்களுக்குத்தான்.

இதையெல்லாம் நான் பேசுவது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோடு. மாஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மெதடிஸ்தர், டி சில்வாவின் சபை. போட்டோக் கொப்பியை வாங்கிக்கொண்டு போய், மகதலேனா வரும் பக்கத்தில் கடதாசித் துண்டு வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"தம்பி, குணானந்தர் பலவீனம் எண்டு நினைச்சதுதான் சாட்சியின்ர பலம். அந்தக் காலத்தில பொம்பிளையின்ர சாட்சிக்கு மதிப்பில்லை. கட்டுக்கதை கட்டுறவன் எண்டால் பேதுருவையெல்லோ முதல்ல கல்லறைக்கு அனுப்பியிருப்பான்?"

நல்ல வாதம். இன்றைய இறையியலாளர் பலரும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் பதிலும் கையோடு இருந்தது.

"பவுல் பேதுருவைத்தானே மாஸ்டர் முதல்ல போட்டிருக்கிறார்? கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம், 15ஆம் அதிகாரம். கேபா, பிறகு பன்னிருவர், பிறகு ஐந்நூறு பேருக்கு மேல, யாக்கோபு, எல்லா அப்போஸ்தலர், கடைசியா தான். மகதலேனாவின்ர பேரே இல்லை. அந்த நிருபம் மாற்குவுக்கு முந்தினது."

"அது பட்டியல். பட்டியலில எல்லாற்ர பேரையும் போடேலாது."

"ஏழு பிசாசு விஷயம்?"

மாற்கு 16ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தைத்தான் கேட்டேன். உயிர்த்தெழுந்தவர், ஏழு பிசாசுகளைத் துரத்தியிருந்த மகதலேனா மரியாளுக்கு முதலில் தரிசனமானார் என்று வரும் இடம். குணானந்தரின் கேள்வி முழுவதும் அந்த ஒரு வசனத்தில் அடங்குகிறது. சினாயித்திக்கஸ், வத்திக்கானஸ் என்ற 4ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் மாற்கு 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. பெண்கள் பயந்து ஓடினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. 9 முதல் 20 வரை பிறகு சேர்ந்தது என்பது ஆய்வாளர்களின் பரவலான முடிவு. பாணந்துறையில் ஒருவர் தாக்கியதும் மற்றவர் காத்ததும், பிறகு யாரோ விரித்துத் தந்த பகுதியை. மாஸ்டர் தன் பழைய திருப்புதலை எடுத்துப் பார்த்தார். அதில் வசனங்கள் ஒரு குறியும் இல்லாமல் ஓடின. 1995ஆம் வருடத்துத் திருவிவிலியத்தில் குறிப்பு இருக்கிறது. அவர் அசரவில்லை. மரியாளிடமிருந்து ஏழு பிசாசு போனதை லூக்கா 8ஆம் அதிகாரமும் சொல்கிறது, அவள் கண்டதை யோவான் தனியாகச் சொல்கிறார் என்றார். அதுவும் சரிதான்.

பிறகு நான் என் பென்சில் கதையைச் சொன்னேன். பாணந்துறை அறிக்கையில் எதிராளியின் கையும் பட்டது, சுவிசேஷத்தில் படவில்லை. செல்சஸ் எழுதியதுகூட, 3ஆம் நூற்றாண்டில் ஒரிகன் மறுப்பு எழுதும்போது எடுத்துக் காட்டிய அளவுக்குத்தான் இன்று மிஞ்சியிருக்கிறது. பிக்குவின் பேச்சை ஒரு பாதிரியார் தன் மறுப்புக்குள் வைத்துக் காப்பாற்றிய அளவில் மட்டும் நாம் படிக்க நேர்ந்திருந்தால் எப்படி?

"குணானந்தரும் திருத்தினவர்தானே, சில்வாவும் திருத்தினவர்தானே," என்றார் மாஸ்டர். "அதுக்காகப் பாணந்துறையில விவாதமே நடக்கேல்லை எண்டு சொல்லுவியோ?"

"சொல்லமாட்டன். ரெண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளுது."

"அப்ப பவுல் ஆர்? சபையை அடிச்சுத் துன்பப்படுத்தினவன். எதிராளி. அவனே கண்டன் எண்டு எழுதுறான். உனக்கு வேண்டின பென்சில் அதுதானே?"

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. பவுலின் வார்த்தை, கண்டதாகச் சொன்னவரே தன் கையால் எழுதியது. சம்பவம் நடந்து இருபத்தைந்து வருடத்துக்குள் எழுதியது. கிறிஸ்தவத்தின் கையில் இருக்கும் சாட்சிகளில் ஆகப் பலமானது அது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் எழுதும்போது அவர் எதிராளியல்ல. குணானந்தர் அறிக்கையைத் திருத்தியபோதும் எதிராளிதான், சாகும்வரை எதிராளிதான். இரண்டும் ஒன்றல்ல.

"மாறினதுதான் தம்பி சாட்சி. ஆதாரம் இல்லாமல் ஒருத்தன் சும்மா மாறுவானே?"

"அப்ப ஒல்கொட்? பிரெஸ்பிட்டேரியன் குடும்பத்தில பிறந்தவர். பாணந்துறை விவாதத்தைக் கேள்விப்பட்டு, கப்பலேறி வந்து, காலியில முழங்காலில நிண்டு பஞ்சசீலம் எடுத்தவர். அவர் மாறினதும் சாட்சிதானே மாஸ்டர்?"

"அது வேற," என்றார் மாஸ்டர். எப்படி வேறு என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.